மிதிக்கிற காலும் பேசுகிற வாயும்

1975ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் இரவு. தில்லி பகதூர்ஷா ஜாபர் மார்க்கில் வரிசையாக நிற்கும் பத்திரிகை அலுவலகங்களில் அச்சு இயந்திரங்கள் நின்றுபோயின. காகிதம் இருந்தது, மை இருந்தது, தொழிலாளர்கள் இருந்தார்கள், செய்தியோ மலைபோல் குவிந்து கிடந்தது. மின்சாரம் மட்டும் இல்லை. நெருக்கடி நிலை பிறந்த அந்த இரவில் அந்தச் சாலைக்குச் சென்ற மின்சாரத்தை மேலிடத்து வாய்மொழி உத்தரவின் பேரில் நிறுத்தினார்கள் என்பது பின்னர் ஷா கமிஷன் விசாரணையில் அம்பலமாயிற்று. புதுதில்லி நகராட்சியின் மின்சாரம் பெற்றுவந்த ஹிந்துஸ்தான் டைம்ஸ், ஸ்டேட்ஸ்மன் ஆகிய பத்திரிகைகள் மட்டும் மறுநாள் வெளிவந்தன. காரணம் துணிச்சலல்ல, அவற்றின் கம்பி வேறு கம்பி.

தலைவர்களைப் பிடிக்க நூற்றுக்கணக்கான போலீசார் அலைய வேண்டியிருந்தது. பத்திரிகைகளின் வாயை மூட ஒரு சுவிட்சே போதுமானதாக இருந்தது. இந்தப் பாடத்தை ஆட்சியில் இருப்பவர்கள் மறக்கவில்லை. நாம்தான் மறந்துவிட்டோம்.

பழங்கதை எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். சொல்கிறோம். நமது சங்கத்தின் சென்ற கூட்டத்தில் இளைஞர்கள் சிலர் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். பழைய சைக்கிள் ஒன்றை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடல் மிதித்து மின்சாரம் எடுத்து, பாட்டரியில் சேர்த்து, அதைக் கொண்டு ஒலிபெருக்கி வைக்கலாம், செல்போன்களுக்குச் சார்ஜ் ஏற்றலாம் என்றார்கள். கிளைக்கு ஒன்று வேண்டும் என்றார்கள். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. “செயற்கைக்கோள் காலத்தில் சைக்கிள் மிதிக்கச் சொல்கிறீர்களா?” என்று ஒருவர் கேட்டார். “மீட்டர் கேட்டுப் போராட வேண்டிய சங்கம் பெடல் மிதிப்பதா?” என்று இன்னொருவர் கேட்டார். முதல் கேள்வி எளிது. இரண்டாவது கேள்வி நியாயமானது. இரண்டுக்கும் பதில் சொல்லவே இக்கட்டுரை.

காலால் அச்சடித்த காலம்

மிதித்துச் செய்தி பரப்புவது புதுமையல்ல. நம் ஊர்ச் சந்துகளில் ‘டிரெடில்’ என்று ஓர் அச்சு இயந்திரம் இருந்தது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒற்றைக் காலால் பலகையை மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுழலும். கையால் தாளை வைத்து எடுக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையும் அதில்தான் அச்சானது; தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரமும் அதில்தான் அச்சானது. மின்சாரம் எட்டிப் பார்க்காத சிற்றூர்களில் கூட அரசியல் எட்டிப் பார்த்தது என்றால், அதற்கு அந்த மிதிபலகையும் ஒரு காரணம்.

அடுத்தது சைக்ளோஸ்டைல். ஸ்டென்சில் தாளில் எழுத்தைக் கீறி, உருளையில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினால் நூற்றுக்கணக்கில் பிரதிகள் விழும். நெருக்கடி நிலையின்போது பெரிய பத்திரிகைகள் தணிக்கைக்குத் தலைவணங்கிய மாதங்களில், நாடெங்கும் இரகசியமாகச் சுற்றிய தாள்களில் பல இந்தக் கைச்சுற்று இயந்திரத்தில் பிறந்தவை. மின்சாரத்தைத் துண்டிக்கலாம், மனிதனின் கையைத் துண்டிக்க முடியாது அல்லவா?

கடல் கடந்தும் இந்தக் கதை உண்டு. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவெளியில் ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் பல மைல். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. 1928இல் குயின்ஸ்லாந்தின் கிளான்கரி என்ற ஊரிலிருந்து விமானத்தில் பறந்து சென்று வைத்தியம் பார்க்கும் டாக்டர் சேவை தொடங்கியது. டாக்டர் தயார், விமானம் தயார். நோயாளி படுத்திருக்கிறார் என்று சொல்லத்தான் வழியில்லை. அடிலெய்டைச் சேர்ந்த ஆல்பிரெட் டிரேகர் என்ற பொறியாளர் 1929இல் வழி கண்டார். நாற்காலியில் அமர்ந்து காலால் பெடலை மிதித்தால் ஜெனரேட்டர் சுற்றும். அந்த மின்சாரத்தில் வயர்லெஸ் பெட்டி பேசும். தொடக்கத்தில் மோர்ஸ் தந்திக் குறியில்தான் அனுப்ப முடிந்தது. குறி தெரியாத சாதாரண மக்களுக்காக, தட்டெழுத்துப் பொறி போன்ற விசைப்பலகை ஒன்றையும் அவரே செய்தார். எழுத்தைத் தட்டினால் குறி தானே போகும். 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தொடங்கிய ‘வானொலிப் பள்ளி’யும் அந்த டாக்டர் சேவையின் வானொலி வலையத்தைப் பயன்படுத்தியே எழுந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. டிரேகரின் பெடல் வீட்டுக்கு விளக்கேற்றவில்லை, மாவு அரைக்கவில்லை. மிதித்த சில வாட் மின்சாரம் ஒரே ஒரு வேலையைச் செய்தது: செய்தியைக் கொண்டு சேர்த்தது. அது போதுமானதாக இருந்தது. உயிர்கள் பிழைத்தன.

லாவோஸ் நாட்டில் போன் காம் என்ற கிராமத்துக்கு, சைக்கிள் மிதித்துப் பாட்டரி ஏற்றி இயக்கும் கம்ப்யூட்டரைக் கொண்டு செல்ல 2002, 2003 ஆண்டுகளில் முயன்றார்கள். முன்னின்றவர் லீ தார்ன் என்ற அமெரிக்கர்; வியட்நாம் போர்க் காலத்தில் விமானந்தாங்கிக் கப்பலில் குண்டு ஏற்றும் வேலை பார்த்தவர். விளைபொருளின் விலை அறியவும் வெளியூர் உறவினரோடு பேசவும் அக்கிராமத்தார் விரும்பினார்கள். எண்ணியபடி அது எளிதாக நடந்துவிடவில்லை. கருவியைச் செய்வது ஒன்று, அதை ஊருக்குள் நிலைநிறுத்துவது வேறு என்பதை அந்த முயற்சி காட்டியது. அமெரிக்காவிலோ 2011 அக்டோபரில், நியூயார்க் வால்ஸ்ட்ரீட் பக்கத்துப் பூங்காவில் கூடாரமிட்டிருந்த போராட்டக்காரர்களின் ஜெனரேட்டர்களைத் தீயணைப்புத் துறையினர் எடுத்துச் சென்றார்கள். போராட்டக்காரர்கள் சைக்கிள்களைக் கொண்டுவந்து மிதித்து மின்சாரம் எடுத்தார்கள். பணக்கார நாட்டின் பணக்காரத் தெருவிலும் பெடல் தேவைப்பட்டது!

நல்லவாடு சொன்ன பாடம்

வெளிநாடு இருக்கட்டும். நம் தமிழ்க் கடற்கரைக்கு வருவோம். 1998இல் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் வில்லியனூரை நடுவமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. சூரியத் தகடும் பாட்டரியும் துணைக்கு இருந்தன. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கி மூலம் கடற்கரை முழுவதும் கேட்கும்படி அறிவித்தார்கள். கம்ப்யூட்டர் முன் உட்காராத மீனவருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. போர்க்கப்பலுக்கென்று சேர்த்த தகவல் கட்டுமரத்துக்குப் பயன்பட்டது.

2004 டிசம்பர் 26. சுனாமி. புதுச்சேரியை அடுத்த நல்லவாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுமத்ராவில் நிலநடுக்கம் என்ற செய்தியைக் கேட்டதும் ஊருக்குப் போன் செய்தார். கடல் ஊருக்குள் வருகிறது என்று தங்கை சொன்னாள். “எல்லாரையும் வெளியேறச் சொல்” என்றார் அவர். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் தப்பியது. வீடுகள் போயின, படகுகள் போயின, மக்கள் பிழைத்தார்கள்.

பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன ஒருவனின் குரல்தான் அந்த ஊரைக் காத்தது. நாமும் ஊரைவிட்டு வந்தவர்கள். ஆகவே அந்தக் காலை நேரத்தை நாம் அக்கு அக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு போன் வேலை செய்தது. ஓர் ஒலிபெருக்கி தயாராக இருந்தது. அது எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று ஊராருக்குத் தெரிந்திருந்தது. பூட்டை உடைக்கத் துணிந்தவர்கள் இருந்தார்கள். இவற்றில் ஏதேனும் ஒன்று குறைந்திருந்தால்?

குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2018 நவம்பரில் நாம் பார்த்தோம். கஜா புயல் 16ஆம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தில்லியில் இருந்த டெல்டாக்காரர்கள் அழைத்து அழைத்துப் பார்த்தார்கள். மறுமுனையில் மணி அடிக்கவில்லை. வீடு போனதா, ஆள் இருக்கிறாரா என்று தெரியாமல் எத்தனை இரவுகள்! அங்கே உயிரோடிருந்தவர்கள் கையில் உயிரில்லாத போன் இருந்தது. பெடல் மிதித்து ஐந்து நிமிடப் பேச்சுக்கு வழி செய்திருந்தால், ஒரு தாயின் குரல் மகனுக்குக் கேட்டிருக்கும்.

தில்லியில் நாம் எங்கே நிற்கிறோம்?

புயல் இயற்கை. தில்லியில் மின்சாரத்தை நிறுத்துவது இயற்கை அல்ல.

2021 ஜனவரி 26 நிகழ்ச்சிகளுக்குப் பிறகு காஜிப்பூர் எல்லையில் விவசாயிகள் தங்கியிருந்த முகாமுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. 29ஆம் தேதி இரவு முதல் 31ஆம் தேதி இரவு வரை சிங்கு, காஜிப்பூர், டிக்ரி ஆகிய மூன்று இடங்களிலும் இணையச் சேவையை நிறுத்தினார்கள். ஆனால் விவசாயிகள் ஊமையாகிவிடவில்லை. முந்தைய டிசம்பர் 18 முதலே ‘டிராலி டைம்ஸ்’ என்ற அச்சுத் தாளைப் பஞ்சாபியிலும் இந்தியிலும் அவர்கள் நடத்திவந்தார்கள். மேடை இருந்தது, டிராலிக்கு டிராலி செய்தி கொண்டுபோக ஆள் இருந்தது. போனில் மட்டும் வாழ்ந்த போராட்டமாக இருந்திருந்தால் அந்த மூன்று நாளில் முடங்கியிருக்கும்.

2025 ஜூலை 8ஆம் தேதி வசந்த்குஞ்ச் ஜெய்ஹிந்த் காம்ப்பில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அங்கே வசிப்பவர்கள் மேற்கு வங்காளத்திலிருந்து வந்து வீட்டுவேலையும் குப்பை பிரிக்கும் வேலையும் செய்யும் ஏழைகள். ஜூலை மாதத் தில்லிப் புழுக்கத்தில் விசிறி நின்றது பெரிய கொடுமை. போன்கள் ஒவ்வொன்றாகச் செத்தால் அடுத்த கொடுமை: வக்கீல் என்ன சொன்னார், நீதிமன்றத்தில் என்ன நடந்தது, நாளைக்கு யார் வருகிறார்கள் என்று அறியும் வழியும் அடைபடும்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூன் 1ஆம் தேதி, நம்மவர்கள் வாழ்ந்த ஜங்புரா மதராசி காம்ப் இடிக்கப்பட்டது. பாராபுல்லா வடிகாலைச் சீர்செய்வதற்காக என்று தில்லி உயர்நீதிமன்ற உத்தரவின்படி நடந்தது அது. ஏறத்தாழ 370 குடிசைகள். அவற்றில் 150க்கும் மேற்பட்ட குடும்பங்கள் மாற்று வீட்டுக்குத் தகுதியில்லாதவை எனப்பட்டன. தகுதி பெற்றவர்களுக்கோ ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால் நரேலாவில் வீடு. அரை நூற்றாண்டு வாழ்க்கை மே மாதத்து உத்தரவுக்கும் ஜூன் மாதத்து இயந்திரத்துக்கும் இடையே முடிந்துபோயிற்று.

தில்லியின் 2015ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கைப்படி, ஜனவரி 1, 2015க்கு முன்பிருந்தே குடிசையில் வாழ்ந்ததைக் காகிதத்தால் காட்ட வேண்டும். எந்தக் காகிதம், எந்தத் தேதிக்குள், எந்த மேசையில் என்பதே வாழ்வா சாவா என்ற கேள்வி. இந்த விவரங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. வந்த தாளைப் போனில் படம் பிடித்துப் போனிலேயே அனுப்புகிறார்கள். நாம் அறிந்த ஒரு குடியிருப்பில், காகிதச் சரிபார்ப்பு மறுநாள் காலை என்ற செய்தி இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அன்று அந்த வரிசையில் மின்சாரம் இல்லை. வீட்டுவேலை செய்யும் ஓர் அம்மாளின் போன் மாலையிலேயே அணைந்துவிட்டது. விடியற்காலையில் வழக்கம்போல் வேலைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது மேசையும் இல்லை, அதிகாரியும் இல்லை. “தெருவில் ஒரு சத்தம் போட்டிருந்தால் எழுந்திருப்பேனே” என்று அவர் கேட்டார். சங்கத்து ஆட்களான நம்மைப் பார்த்துத்தான் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. அந்த வாட்ஸ்அப் குழுவை நடத்தியவர்களும் நாமே.

கணக்குப் பார்ப்போம்

பெடலால் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்று நேர்மையாகக் கணக்குப் போட வேண்டும். சங்கத்தில் பொய்க் கணக்கு ஆகாது.

திடமான ஒருவர் ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தால் காலில் கிடைப்பது 75 முதல் 100 வாட். பெல்ட்டிலும் ஜெனரேட்டரிலும் கொஞ்சம் வீணாகும். பாட்டரிக்குச் சேர்வது சுமார் 50 வாட். மின்கட்டண ரசீதில் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. அதாவது ஒரே ஒரு யூனிட்டுக்கு ஒரு மனிதன் 20 மணி நேரம் மிதிக்க வேண்டும்! விசிறிக்கும் குளிர்பெட்டிக்கும் பெடல் மிதிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் செய்திக்கு அவ்வளவு மின்சாரம் வேண்டாம். கூம்பு ஒலிபெருக்கியோடு 12 வோல்ட்டில் ஓடும் சிறிய ஆம்ப்ளிபயருக்குப் பேசும்போது 20, 30 வாட் போதும். ஒரு மணி நேரம் மிதித்தால் ஒன்றரை மணி நேரம் பேசலாம். பொத்தான் போன்களில் பத்துக்குச் சார்ஜ் ஏற்றலாம். பெரிய திரைப் போன்களில் இரண்டைத்தான் முழுதாக நிரப்ப முடியும். ஆனால் அவசரத்துக்கு ஒரு போனை உயிர்ப்பித்து இரண்டு அழைப்புகள் செய்யச் சில நிமிட மிதி போதும்.

பழைய சைக்கிளில் விளக்கெரித்த புட்டி டைனமோ இதற்கு உதவாது. அது 6 வோல்ட், 3 வாட்தான். நிலைக்காந்தம் உள்ள நேர்மின்னோட்ட மோட்டார் ஒன்று வேண்டும். பின்சக்கரத்திலிருந்து பெல்ட் போட்டுச் சுழற்றினால் அதுவே ஜெனரேட்டராகிவிடும். இடையில் ஒரு டயோடு கட்டாயம். இல்லாவிட்டால் மிதிப்பதை நிறுத்தியதும் பாட்டரி மோட்டாரைச் சுழற்றித் தன்னைத்தானே காலி செய்துகொள்ளும். பாட்டரி அளவுக்கு மீறி ஏறாமல் காக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஃபியூஸ், காரில் வைக்கும் போன் சார்ஜர் ஆகியவை மற்றவை. நம் தோழர்களில் எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள், சைக்கிள் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு இது பெரிய வேலையல்ல. மின்சாரம் இருக்கும் நாட்களில் பாட்டரியைச் சுவரில் செருகி ஏற்றலாம். வெயிலில் சூரியத் தகடும் வைக்கலாம். இரவிலும் மழையிலும் முற்றுகையிலும் கால் இருக்கிறது.

மீட்டரா, பெடலா?

இனி அந்த நியாயமான கேள்வி. உரிமை கேட்க வேண்டிய சங்கம், இல்லாத குறையைத் தானே ஈடுகட்டிக்கொள்ளலாமா? “மக்களே மிதித்துக்கொள்கிறார்கள், இனி கம்பி எதற்கு?” என்று ஆட்சியாளர்கள் கேட்க இடம் கொடுக்கலாமா?

கொடுக்கலாகாது. மின்சாரம் உரிமை; அது கம்பியில்தான் வர வேண்டும். 2019 ஆகஸ்டில் தில்லியில் மாதம் 200 யூனிட் வரை கட்டணமில்லை என்று அறிவித்தார்கள். ஆனால் சொந்தப் பெயரில் மீட்டர் இல்லாமல், வீட்டுக்காரரிடமோ இடைத்தரகரிடமோ யூனிட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்து வாழும் குடும்பத்துக்கு அந்தச் சலுகை எப்படிப் போய்ச் சேரும்? மீட்டர் போராட்டம் தொடர வேண்டும். கிராமத்துக்கு ஒரு பெடலைக் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போகும் தொண்டு நிறுவன வித்தையை நாம் ஏற்கவில்லை.

நாம் சொல்வது வேறு. இரயில்வேயில் எங்கும் மின் சிக்னல் இருக்கிறது. ஆயினும் கார்டு - இப்போது டிரெயின் மேனேஜர் என்று பெயர் - கைவிளக்கும் கொடியும் இல்லாமல் வண்டி ஏறுவதில்லை. கொடி இருக்கிறதே என்று யாரும் சிக்னலைப் பிடுங்குவதுமில்லை. சிக்னல் செத்த இடத்தில் கொடி பேச வேண்டும். பெடலும் அப்படித்தான். மீட்டர் கேட்டுப் போராடும் குடியிருப்பில் கம்பி அறுபட்ட இரவிலும் அந்தப் போராட்டம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குத்தான் பெடல்.

இன்னொரு வரம்பையும் சொல்லிவிடுகிறோம். இணையத்தை நிறுத்திவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் வாட்ஸ்அப் வராது. கோபுரம் அவர்கள் கையில். அப்போது கைகொடுப்பவை ஒலிபெருக்கியும், சுவரில் ஒட்டிய தாளும், சந்துக்குச் சந்து ஓடும் பிள்ளைகளும்தான். ஒலிபெருக்கிக்கும் சட்டம் உண்டு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி எழுத்து மூல அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. எனவே அனுமதியை முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும். அந்த நேரத்தில் வரும் செய்திக்குக் கதவைத் தட்ட ஆள் வேண்டும். இரவு பத்து மணிச் செய்திக்கு அந்த அம்மாளின் கதவைத் தட்ட ஒருவர் பொறுப்பேற்றிருந்தால் பெடலே தேவைப்பட்டிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

யார் மிதிப்பது, யார் பேசுவது?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. ஒருவன் மிதிக்க, இன்னொருவன் சாய்ந்து உட்கார்ந்து போகும் வண்டியைத் தில்லித் தெருக்களில் தினமும் பார்க்கிறோம். அதற்கு ரிக்ஷா என்று பெயர். நம் சங்கத்துக்குள் ஒரு ரிக்ஷாவைக் கொண்டுவந்துவிடக் கூடாது. இளைஞர் வியர்க்க வியர்க்க மிதிக்க, தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் முழங்குவது என்றால், அந்தச் சைக்கிள் ஒரு மாதத்தில் துருப்பிடித்துப் போகும். போகட்டும் என்றே நாமும் சொல்வோம்.

முறைவைத்து மிதிக்க வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம். செயற்குழு உறுப்பினர் முதலில். முறைவைத்துப் படிக்கவும் வேண்டும். மிதித்தவருக்கு அன்று மைக்கில் பேச உரிமை உண்டு என்று வையுங்கள். கூட்டத்தில் வாய் திறவாதவர்கள் எல்லாம் பேசுவார்கள். பெண்களுக்குத்தான் அலுவலகத் தாள்களின் அலைச்சல் அதிகம். என்ன செய்தி வேண்டும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். படிக்கும் இடத்தில் அவர்கள் இருக்க வேண்டும். மிதிக்க இயலாத முதியவர்களும் உடல் நலிந்தவர்களும் செய்தியைச் சரிபார்க்கும் வேலையை ஏற்கலாம்.

சரிபார்ப்பது சின்ன வேலையல்ல. 2020 மார்ச் மாத ஊரடங்கில், பஸ் விடுகிறார்கள் என்ற அறிவிப்பும் வதந்தியும் கலந்து பரவி, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் குழந்தை குட்டிகளோடு ஆனந்த் விஹாரில் முட்டி மோதியதைத் தில்லி மறக்காது. எந்த பஸ், எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு என்று தெருத்தெருவாகச் சொல்ல நம்பகமான ஒரு குரல் இருந்திருந்தால் அந்த நெரிசலில் பாதி குறைந்திருக்கும். ஒலிபெருக்கி வதந்தியையும் பெருக்கும். ஆகவே எழுத்தில் இல்லாத எதையும் படிக்கலாகாது. எந்த அலுவலகம், எந்தத் தேதி என்று சொல்லாமல் எந்த அறிவிப்பும் கூடாது. தவறு நேர்ந்தால் மறுநாள் அதே மைக்கில் திருத்தம் சொல்ல வேண்டும்.

கிளைகளுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இதுதான். வசதியுள்ள ஒரு கிளை முதலில் ஒன்றைச் செய்து பார்க்கட்டும். செய்த பின் பரணில் வைத்துப் பூட்டிவிட வேண்டாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மின்சாரம் இருக்கும்போதே, அதை வெளியே எடுங்கள். முறைவைத்து மிதியுங்கள். ரேஷன், பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், மறுவாழ்வுக் காகிதம் ஆகியவை பற்றிய அந்த மாதச் செய்திகளை அரை மணி நேரம் தமிழில் படியுங்கள். பக்கத்து வரிசை மக்களுக்காக இந்தியிலும் படியுங்கள். நல்லவாட்டு மக்களுக்கு ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது என்று சுனாமியன்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்பே தெரிந்திருந்தது. நமக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பகதூர்ஷா ஜாபர் மார்க்கில் அன்று இயந்திரங்கள் பெரியவை, கம்பி ஒன்று, அதன் மறுமுனை இன்னொருவர் கையில். இன்று நம் ஒவ்வொருவர் பையிலும் ஒரு பத்திரிகை அலுவலகமே இருக்கிறது. மறுமுனை மட்டும் இன்றும் இன்னொருவர் கையில்தான். ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். இந்தத் தேருக்கு ஒரு பெடல்தான், நண்பர்களே. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் பத்து நிமிடத்துக்கு உங்கள் பெயரைக் கொடுங்கள்.